முப்பத்தொன்றாம் குழிப் பெண்ணின் இடது முன்கை

முப்பத்தொன்றாம் குழியில் கிடந்த பெண்ணின் இடது முன்கையை உடைத்தது நான்தான். மூவாயிரம் வருஷம் முழுசாக இருந்த எலும்பு. கல்லறைத் திருடன் உடைக்கவில்லை, நரி உடைக்கவில்லை, மணலின் பாரம் உடைக்கவில்லை. எலும்பு படித்து டாக்டர் பட்டம் வாங்கிய தஹானி, தன் குதிகாலால் உடைத்தாள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டியவர்களிடம் சொல்ல எனக்கு நான்கு நாள் பிடித்தது. உங்களையும் அப்படிக் காக்க வைப்பானேன்.

கெய்ரோவுக்கு வெகு தெற்கே இருக்கும் எங்கள் பல்யனாவுக்கு மேற்கே, கரும்பு வயல் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் எங்கள் அகழாய்வு. சாதாரண சனங்களின் இடுகாடு அது. ராஜாவும் கிடையாது, தங்கமும் கிடையாது. கோரைப்பாயில் சுற்றிப் புதைத்த மனிதர்கள், துணியில் கட்டிய பூனைகள், அரிவாள்மூக்கன் பறவைகள், நாய்கள். மண்ணைத் தள்ளுவது மற்றவர்கள் வேலை. வெளியே வருவது மனிதனா மிருகமா, ஆணா பெண்ணா, என்ன வயசு, என்ன தின்றது, எங்கே வலித்தது என்று சொல்வது என் வேலை. பதினாறு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். எலும்பைக் கண்டபடி கையாள்பவர்களைக் கண்டால் இன்னும் சட்டென்று வரும்.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. பிள்ளை தங்காத பெண், பழைய காலத்துப் பிணத்தை ஏழு முறை தாண்ட வேண்டும். வலது காலை முதலில் வைக்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது, வந்த வழியே திரும்பக் கூடாது. அதனால் எந்த மேட்டில் தோண்டினாலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கறுப்புத் துணி போர்த்திய இரண்டு மூன்று பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். போன வருஷம் அப்படி வந்த இருவரை நான்தான் துரத்தினேன். "எலும்புன்னா சுண்ணாம்புச் சத்து. அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. படிச்ச பிள்ளைங்கதானே நீங்க?" என்று அவர்கள் முகத்துக்கு நேரே கத்தினேன். பிறகு ஒரு பலகை எழுதி நட்டேன்: 'யாரும் எலும்பைத் தாண்டக் கூடாது.' ஊருக்குத்தான் உபதேசம்.

எனக்கு நாற்பத்தொன்று. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். என் கணவர் ஷுக்ரி பல்யனா பள்ளியில் பூகோளம் நடத்துகிறார். எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளை அவள் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. மூத்த மகன் ஸாபிர் என்றால் அவள் உம்மு ஸாபிர், ஸாபிரின் அம்மா. அவளுக்கு வைத்த பெயர் என்னவென்று அவள் பக்கத்து வீட்டுக்காரிக்கே மறந்துபோயிருக்கும். என்னை எல்லாரும் டாக்டரம்மா என்கிறார்கள். மரியாதைக்குத்தான் என்று நினைக்க எனக்கும் ஆசைதான்.

அந்த வெள்ளிக்கிழமை என் நாத்தனார் குழந்தைக்கு ஏழாம் நாள் விசேஷம். குழந்தையைச் சல்லடையில் கிடத்தி, பிறகு தரையில் வைப்பார்கள். பெற்றவள் அதை ஏழு முறை தாண்டுவாள். சுற்றி நின்று உரலைத் தட்டிக் கூவுவார்கள். நான் உள்ளே நுழைந்தபோது என் மாமியார் எழுந்து, குழந்தையின் முகத்தில் துணியை இழுத்து மூடினார். எல்லாரும் பார்த்தார்கள். எல்லாரும் பார்க்காதது போல வேர்க்கடலை தின்றார்கள். என் கண் பட்டுவிடுமாம். எலும்பைப் பற்றி எத்தனை புத்தகம் படித்திருந்தாலும் அந்தத் துணி விலகவில்லை. அன்று நான் வயிறெரிந்துதான் வீடு வந்தேன்.

ஞாயிறு காலை முப்பத்தொன்றாம் குழியில் அந்தப் பெண் பாதம் தவிர முழுசாக வெளிப்பட்டாள். மல்லாந்து கிடந்தாள். வலது கை மார்பின் மேல், இடது கை பக்கவாட்டில் நீண்டு கிடந்தது. கால்மாட்டில் சுருண்டு படுத்த நாய் ஒன்று. கழுத்தில் தோல்வார் இற்றுப்போன நாராக ஒட்டியிருந்தது. நாயை அடுத்த நாள் எடுக்கலாம் என்று அதன் அடியில் மணலைக் கலைக்காமல் விட்டிருந்தோம். இடது கையைத் தூரிகையால் சுத்தம் செய்தது நான். என் நோட்டில் பென்சிலால் வரைந்தும் வைத்தேன். மதியத்துக்குப் பிறகு வெயில் சாய்ந்ததும் படம் பிடிப்பதாக ஏற்பாடு.

சாப்பாட்டு வேளை வந்தது. எல்லாரும் கருவேல மர நிழலுக்குப் போனார்கள். குழி ஓரத்தில் தடியோடு காவல்காரர் ஹசபல்லா மட்டும் இருந்தார்.

"போய்ச் சாப்பிட்டு வாங்க ஹசபல்லா. நான் பாத்துக்கறேன்."

"மேஸ்திரி ரயிஸுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சுடுவாரு, டாக்டரம்மா. குழிய விட்டு நகரக் கூடாதுன்னு சட்டம்."

"நான் இருக்கேன்ல? என்னை விடவா அந்தத் தடி பெரிசு?"

அவர் சிரித்துக்கொண்டே போனார். அவர் மனைவி உம்மு ஸாபிர்தான் எங்கள் ஆட்களுக்கு, மாவை வெயிலில் பொங்கவைத்து ரொட்டி சுட்டுக் கொண்டுவருபவள். ஏழு பிள்ளை பெற்றவள், வாய்க்கொழுப்புக்காரி. "ஊரு எலும்பெல்லாம் உங்க காலடியில கெடக்கு டாக்டரம்மா. நீங்க தாண்டாம வேற யாரு தாண்டுறது?" என்று போன மாதம்தான் என்னைக் கிண்டல் செய்திருந்தாள். அன்று அவளைத் திட்டி அனுப்பினேன். அந்த ஞாயிறு அவள் குரல்தான் காதில் கேட்டது.

நிழல் துணியைத் தூக்கிக் குழிக்குள் இறங்கினேன். வலது காலை முதலில் வைத்தேன். ஒன்று. இரண்டு. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மூன்று. நான்கு. ஐந்தாவது முறை கால் ஊன்றிய விளிம்பில் மணல் சரிந்தது. என் இடது குதிகால் அவள் முன்கை மேல் இறங்கியது. காய்ந்த ரொட்டியை ஒடிக்கும் சத்தம்.

சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, நடுவில் இரண்டாக.

அப்போதாவது வெளியே வந்தேனா? இல்லை. உடைந்தது உடைந்துவிட்டது என்று மீதி இரண்டையும் முடித்தேன். ஆறு, ஏழு. அதற்குப் பிறகு செய்ததைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. புதிதாக உடைந்த பழைய எலும்பு, உடைந்த இடத்தில் வெளுப்பாகத் தெரியும். வெளிப்புறம் மட்டும் பழுப்பாக இருக்கும். பழைய காலத்திலேயே உடைந்திருந்தால் உள்ளும் புறமும் ஒரே பழுப்பு. முதல் வருஷ மாணவனுக்கே தெரிந்த பாடம். அந்த வெளுப்பின் மேல் நான் ஈரக் கையால் மண்ணைத் தேய்த்தேன். என் மாணவன் யாராவது அதைச் செய்திருந்தால் மேட்டை விட்டே விரட்டியிருப்பேன்.

படம் பிடிக்க டாக்டர் மம்தூஹ் வந்தார். கெய்ரோக்காரர், எங்கள் அகழாய்வின் தலைவர். நல்ல மனிதர். பானை ஓட்டைத் தடவிப் பார்த்தே காலம் சொல்லிவிடுவார். எலும்பு மட்டும் அவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல. அதில் என் வார்த்தைதான் அவருக்கு வேதம்.

குழியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"தஹானி! இந்தக் கையப் பாருங்க. அடி விழும்போது கையைத் தூக்கித் தடுத்தா இப்படித்தானே உடையும்? நீங்கதானே ஒரு தடவை சொன்னீங்க?"

"அப்படியும் உடையும்."

"நாயோட மண்டையிலயும் விரிசல் இருக்கு. ரெண்டையும் ஒரே நாள்ல அடிச்சுக் கொன்னுருக்காங்க! எசமானியக் காப்பாத்தப் போயி நாயும் செத்துருக்கு." அவருக்கு மூச்சு வாங்கியது. "இது பழைய உடைப்புதானே?"

"பழசு மாதிரிதான் இருக்கு," என்றேன்.

பக்கத்தில் நின்ற ரயிஸ் தவ்வாப் தொண்டையைச் செருமினார். ரயிஸ் என்றால் எங்கள் வேலையாட்களின் தலைவர். குஃப்த் ஊர்க்காரர், அந்த ஊர்க்காரர்களுக்கு நூறு வருஷமாக இதே தொழில். மண்ணின் நிறம் அரை விரல் மாறினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

"காலைல முழுசா இருந்துச்சு டாக்டர். நான்தான் மேல துணி கட்டினேன். பாத்தேன்."

மம்தூஹ் என்னைப் பார்த்தார். "சுத்தம் பண்ணினது நீங்க. முழுசாவா இருந்துச்சு?"

"மேல மண்ணு இருந்துச்சு. சரியாத் தெரியலை."

"ரயிஸ், கண்ணாடி வாங்கற வயசு வந்துடுச்சு உங்களுக்கு," என்று மம்தூஹ் அவர் தோளில் தட்டினார். சுற்றி நின்ற ஆட்கள் சிரித்தார்கள். ரயிஸ் சிரிக்கவில்லை. அவர் என்னைத்தான் பார்த்தார். நான் குனிந்து தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு நிமிர்ந்து பார்க்கக் கழுத்து ஏது?

அன்று சாயங்காலமே பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. வியாழன் காலை பத்து மணிக்கு வருகிறார்கள். அதற்குள் நான் எலும்புப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். "தாயா இருந்தாளான்னும் எழுதுங்க. கொலையான தாய்னா இன்னும் உருக்கமா இருக்கும்," என்றார் மம்தூஹ்.

திங்கட்கிழமை காலை குழி ஓரத்தில் வேறொரு ஆள் தடியோடு நின்றான்.

"ஹசபல்லா எங்க?" என்று ரயிஸிடம் கேட்டேன்.

"வீட்டுல. இனிமே வீட்டுலதான்." அவர் கயிறு அளந்துகொண்டே பேசினார். "என் கண்ணு சரின்னா அவன் காவல் தப்பு. என் கண்ணு தப்புன்னா நான் வீட்டுக்குப் போகணும். ரெண்டுல ஒண்ணுதான் டாக்டரம்மா. ராத்திரி பூராவும் யோசிச்சேன். என் கண்ணு சரி."

"அவர் என்ன சொன்னார்?"

"பசிச்சுச்சாம். சாப்பிடப் போனானாம். அவ்வளவுதான் சொல்றான். இருபத்திரண்டு வருஷம் பசிக்காத வயிறு, நேத்து பசிச்சுச்சாம்!"

நான் அனுப்பினேன் என்று ஹசபல்லா சொல்லவில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. என் பையில் அழிரப்பர் இருந்தது; நோட்டில் அந்தக் கை முழுசாக இருந்தது. ஒரு நிமிஷ வேலை. இரண்டு முறை நோட்டைத் திறந்து மூடினேன்.

செவ்வாய் காலை எலும்பு பிரிக்கும் கூடாரத்துக்கு உம்மு ஸாபிர் வந்தாள். தலையில் ரொட்டித் தட்டு. இறக்கி வைத்துவிட்டு, தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஏழும் முழுசாத் தாண்டினீங்களா?"

தூரிகையைக் கீழே வைத்தேன். "என்ன உளறுறீங்க?"

"என் வீட்டுக்காரரைச் சாப்பிட அனுப்புனது நீங்க. வெள்ளிக்கிழமை உங்க மாமியா செஞ்ச காரியமும் ஊருக்கே தெரியும். ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு எனக்குப் படிக்காமலே தெரியும். சொல்லுங்க, ஏழும் ஆச்சா? பாதியில விட்டா பலிக்காது."

"...ஆச்சு."

"அல்லா குடுப்பான்." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுப்பில் வெந்து காய்த்த கை. "நான் யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேன். அவரும் விடமாட்டாரு. பொம்பள விஷயம் இது. வேலை இன்னொண்ணு கெடைக்கும், கரும்பு வெட்டப் போவாரு. அறுபது வயசுல முதுகு வளையாதுதான். வளையட்டும்!"

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திருப்பிக் கத்தியிருப்பேன், அதோடு ஆறியிருக்கும். அவள் மிஞ்சிய மாவில் சுட்டது என்று இரண்டு ரொட்டியைத் தனியாக எனக்கு வைத்துவிட்டுப் போனாள்.

ரொட்டியைத் தின்றேன். தின்று முடித்ததும் அழிரப்பரை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன்.

சொல்வது என்று முடிவு செய்தாகிவிட்டது. ஆனால் வெறுமனே 'நான்தான்' என்று போய் நின்றால் போதாது. மம்தூஹ் கையிலிருந்த கொலைக் கதைக்குப் பதிலாக உண்மை என்னவென்று எடுத்து வைக்க வேண்டும். இல்லையென்றால் பொய்யை எடுத்த இடத்தில் வெறும் ஓட்டைதான் இருக்கும். குழியில் கிடந்தவளுக்கு நான் பட்ட கடன் அது. புதன்கிழமை விடிந்ததும் குழியில் இறங்கினேன். சாயங்காலம் வரை நிமிரவில்லை. இடுப்பு விட்டுப்போனது. ஷுக்ரி இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டார், எடுக்கவில்லை.

முதலில் நாய். மண்டை விரிசலின் உள்ளும் புறமும் ஒரே பழுப்பு. ஆனால் அடி விழுந்த குழிவு இல்லை. மேலே இருந்த மணலின் பாரம் மெல்ல நசுக்கியது அது. பற்கள் ஈறு வரை தேய்ந்திருந்தன. பின்னங்காலின் மூட்டு எலும்பு இறுகி ஒன்றாகிவிட்டிருந்தது. கடைசிக் காலத்தில் அது ஓடியிருக்காது, கடித்தும் தின்றிருக்காது. கிழட்டு நாய். யாரோ அதற்கு ரொட்டியை ஊறவைத்துப் போட்டிருக்கிறார்கள்.

நாயை எடுத்த பிறகு அடியிலிருந்த மணலைக் கரண்டியால் சுரண்டினேன். பெண்ணின் பாதம் நாய்க்கு ஒட்டினாற்போல் அடியிலேயே இருக்கும் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். இல்லை. ஒரு சாண் ஆழத்தில் இருந்தது. நடுவில் காற்று கொண்டுவந்து போட்ட மெல்லிய மணல், அதன் மேல் வேறொரு பாயின் துண்டு. இருவரும் ஒரே நாளில் இறக்கவில்லை. அவளைப் புதைத்துக் காலம் கழித்து, அந்த நாய் செத்ததும், யாரோ இந்த இடத்தை நினைவு வைத்திருந்து, தோண்டி, அவள் கால்மாட்டில் படுக்க வைத்திருக்கிறார்கள். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எனக்கே காரணம் விளங்கவில்லை.

பிறகு அந்தப் பெண். ஐம்பதுக்கு மேல் வயசு. முதுகெலும்பு தேய்ந்திருந்தது, முழங்கால் தேய்ந்திருந்தது, சுமந்து சுமந்து கழுத்தெலும்பும் தேய்ந்திருந்தது. அடிபட்ட தடம் உடம்பில் எங்கும் இல்லை, ஒரே ஒரு இடம் தவிர. அந்த இடத்தில் நான் தேய்த்த மண்ணை மெல்லிய தூரிகையால், ஒவ்வொரு மயிரிழையாக, நானே எடுத்தேன். வெளுப்பு தெரிந்தது.

வியாழன் காலை எட்டு மணி. ஆட்கள் மணலில் வட்டமாக உட்கார்ந்து அவித்த மொச்சையும் ரொட்டியும் வெங்காயமும் தின்றுகொண்டிருந்தார்கள். மம்தூஹ் நல்ல சட்டை போட்டு, படிவத்தோடு வந்தார். ரயிஸ் தவ்வாப் தள்ளி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"போடறேன். முதல்ல இதப் பாருங்க." தட்டில் பஞ்சின் மேல் வைத்திருந்த முன்கையை நீட்டினேன். "உடைஞ்ச இடம் வெளுப்பு. புது உடைப்பு. ஞாயிற்றுக்கிழமை மதியம் உடைஞ்சது."

ஒருவரும் மெல்லவில்லை. ரயிஸ் டீக் குவளையைக் கீழே வைத்தார்.

"பழசுன்னு சொன்னீங்களே?" என்றார் மம்தூஹ்.

"பொய் சொன்னேன். வெளுப்புத் தெரியாம மண்ணைப் பூசினதும் நான்தான். இது அன்னிக்குக் காலைல நான் வரைஞ்ச படம். கை முழுசா இருக்கு. ரயிஸ் பாத்தது சரி. அவர் கண்ணுல குத்தமே இல்ல."

"அப்ப உடைச்சது யாரு? அந்தக் காவல்காரன் எவளையோ உள்ள விட்டுட்டானா?"

"ஹசபல்லாவச் சாப்பிட அனுப்பினது நான். தாண்டினதும் நான். ஏழு தடவை. அஞ்சாவதுல கால் வழுக்கிடுச்சு."

பிறகு பின்னாலிருந்து மண் சுமக்கும் ஒருவன் கேட்டான்: "தாண்டக் கூடாதுன்னு அந்தப் பலகைய எழுதினது யாரு டாக்டரம்மா?"

"நான்தான்."

"தாண்டினது?"

"அதுவும் நான்தான்."

மேடே சிரித்தது. வெங்காயம் புரையேறி ஒருவன் இருமினான். என் காது கொதித்தது. ஓடிப்போய்க் கூடாரத்துக்குள் புகுந்துகொள்ளலாமா என்று இருந்தது. ஆனால் காலை மணலில் ஊன்றி நின்றேன்; இந்த முறை சரியவில்லை.

மம்தூஹ் சிரிக்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டார். "பத்து மணிக்கு ஆளுங்க வராங்க தஹானி."

"கிழட்டு நாயோட கதை இருக்கு. அது நிஜம். அதச் சொல்லுங்க."

"கிழட்டு நாய்க்கு யாரு கெய்ரோவிலேர்ந்து வருவா?" நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி. 'அகழாய்வின்போது உடைந்தது'ன்னு எழுதுங்க. பேரு வேண்டாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"பேரு இல்லேன்னா அது ஹசபல்லா தலையிலதான் விழும்."

"பேரு இருந்தா தொல்லியல் துறைக் குழு முன்னாடி வைக்கணும். மண்ணைப் பூசினதையும் வைக்கணும். அடுத்த வருஷம் உங்களைக் கூப்பிட என்னால முடியாது. புரியுதா?"

"புரியுது."

"பதினாறு வருஷம்..."

"தெரியும் டாக்டர். பேனா குடுங்க."

எழுதினேன். 'இடது முன்கை எலும்பு, சுண்டுவிரல் பக்கம்: புது உடைப்பு. உடைத்தவர்: டாக்டர் தஹானி. தாண்டும்போது இடது குதிகால் பட்டது. எடை எழுபத்தொரு கிலோ. உடைப்பை மறைக்க மண் பூசியவரும் அவரே.' எடையை எழுத வேண்டிய அவசியமில்லைதான். ஆனால் பிற்காலத்தில் யாராவது இந்த எலும்பைப் படித்தால், எவ்வளவு பாரத்தில் ஒடிந்தது என்று தெரிய வேண்டாமா?

பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். தங்கம் உண்டா என்று கேட்டார்கள். நாயைப் படம் பிடித்தார்கள். டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போவதற்கு முன்பே ரயிஸ் தவ்வாப் மேட்டை விட்டு இறங்கிப் போயிருந்தார். ஹசபல்லா வீட்டு வாசலில், தெருவே பார்க்க, அவர் தலையில் முத்தமிட்டு மன்னிப்புக் கேட்டுக் கையோடு கூட்டிவந்தார். தடி மறுபடியும் ஹசபல்லா கைக்கு வந்தது. என்னோடு ரயிஸ் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டார்: "அஞ்சாவதுல உடைஞ்சுச்சுன்னீங்க. மீதி ரெண்டு?"

"அதையும் தாண்டினேன்."

"ம்," என்றார். "வேலையப் பாதியில விடாத ஆளுதான்."

ஷுக்ரியிடமும் சொன்னேன். "என்கிட்ட சொல்லியிருந்தா வந்து கையப் பிடிச்சிருப்பேன். வழுக்கியிருக்காது," என்றார். தாண்டியது பலித்ததா என்று கேட்பீர்கள். பலிக்கவில்லை. குழு என்ன முடிவு செய்தது என்றும் கேட்பீர்கள். அந்தப் பருவம் முடியும் வரை இருந்து என் வேலையை முடித்துக் கொடுக்கலாம், அதற்குப் பிறகு கிடையாது என்றது. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கோபமும் வந்தது, இரண்டும் சேர்ந்தே வந்தன. பலகையைப் பிடுங்கவில்லை. கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'தாண்டினால் உடையும். நான் உடைத்தேன். தஹானி.' அதன் பிறகு அந்த மேட்டில் யாரும் தாண்டவில்லை. என் கண் படக் கூடாதென்று குழந்தையை மூடிய என் மாமியார்கூட வந்து, அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்.

கடைசி வாரம் அந்தப் பெண்ணைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். உடைந்த இரண்டு துண்டையும் ஒன்றாகக் கட்டிப் பஞ்சில் வைத்தேன். உம்மு ஸாபிர் ரொட்டியோடு வந்து எதிரே குந்தினாள்.

"இவ பெத்தவளா?"

படிவத்தில் அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. "தெரியாது."

"இவ்வளவு படிச்சுட்டுத் தெரியாதா? இடுப்பெலும்பு இருக்குல்ல?"

"இருக்கு. அதுல சின்னச் சின்னக் குழி இருக்கு. பெத்தவளுக்கும் அது இருக்கும், பெறாதவளுக்கும் இருக்கும். சில ஆம்பளைங்களுக்குக்கூட இருக்கும். அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"அப்ப அந்த நாயக் கொண்டாந்து வெச்சது யாரு? மகனா?"

"மகனா இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரியாவும் இருக்கலாம்."

"நான் செத்து, மூவாயிரம் வருஷம் கழிச்சு உங்கள மாதிரி ஒருத்தி தோண்டி எடுத்தா? நான் ஏழு பெத்தது தெரியாதா?"

"தெரியாது."

"ஏழு! மூணாவது தலைகீழா வந்துச்சு, ரெண்டு நாளு கத்தினேன். ஒரு தழும்புகூட இல்லையா?"

"எலும்புல இல்ல."

"உம்மு ஸாபிர்னு எங்கயும் எழுதியிருக்காதா?"

"இருக்காது."

"அடிப்பாவி எலும்பே!" என்று தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிந்ததும் தலைத்துணியால் கண்ணைத் துடைத்தாள். பெட்டிக்குள் எட்டி அந்தப் பெண்ணைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அப்ப அங்க போனப்புறம் நீயும் நானும் ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்."

"அதுக்கு எதுக்குச் சாகற வரைக்கும் காத்திருக்கணும்? புடி, ரொட்டி ஆறுது." ஒரு ரொட்டியைப் பிய்த்து நீட்டினாள். "என் பேரு ஸக்கியா. மூத்தவனப் பெத்ததுலேர்ந்து ஒருத்தரும் கூப்பிட்டதில்ல. நீ கூப்பிடு, தஹானி."

காலிக் கட்டத்தில் 'அறிய இயலாது' என்று எழுதிவிட்டு ரொட்டியை வாங்கினேன். "உப்புக் கொஞ்சம் கம்மி, ஸக்கியா," என்றேன்.